கார்டுராய்: வரி எண்ணி, முதுகு பார்த்து, வாக்கு அறிந்து வாங்குங்கள்

ஒரே தானில் கிழித்த துணி, ஒரே கையால் தைத்த ஸ்கர்ட். போட்டுக்கொண்டு வெயிலில் நின்றால் முன்பக்கம் அடர்ந்த மெரூன். பின்பக்கம் பத்துத் துவைப்பு கண்டதுபோல வெளிறிய மெரூன். கடைக்காரர் ஏமாற்றிவிட்டாரோ என்று தோன்றும். துணியில் குறை ஒன்றும் இல்லை. பின்பக்கத் துண்டைத் தலைகீழாக வைத்து வெட்டியிருக்கிறார்கள். பிரித்துத் தைத்தாலும் இது சரியாகாது, புதுத் துணிதான் வாங்க வேண்டும்.

கார்டுராயில் முதன்முதலாகக் கை வைக்கிறவர்களுக்கு நேரும் நஷ்டங்களில் பெரும்பகுதி இப்படி மெஷினுக்கு வருவதற்கு முன்பே முடிந்துவிடுகிறது. அதனால் இந்தக் கட்டுரையில் தையலைவிடத் துணிக்கடைக்கும் வெட்டும் மேசைக்கும் அதிக இடம் கொடுத்திருக்கிறோம்.

துணி எப்படி உருவாகிறது

சாதாரணத் துணியில் நீளவாக்கில் ஓடும் பாவு நூல் ஒன்று, குறுக்கே ஓடும் ஊடை நூல் ஒன்று. கார்டுராயில் ஊடை இரண்டு வகை. ஒன்று பாவோடு பின்னி அடித்துணியாகிறது. மற்றொன்று பல பாவு நூல்களைத் தாண்டித் தாண்டி மேலே தளர்வாக மிதக்கிறது. நெய்து முடித்த பிறகு, மிதக்கும் அந்த நூல்களை நீளவாக்கில் கத்தியால் அறுத்து, பிரஷ் போட்டு நிமிர்த்துவார்கள். அறுபட்ட நூல்முனைகள் வரிசை வரிசையாக எழுந்து நிற்கும். அவைதான் நம் விரலுக்குத் தட்டுப்படும் வரிகள். வரிக்கும் வரிக்கும் நடுவில் அடித்துணி மட்டும் தெரியும் பள்ளம், உழுத வயலின் படைச்சால் போல ஓடும்.

19ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் லங்காஷயர், செஷயர் பகுதிகளில் இந்த அறுப்பு வேலை கையால் நடந்தது. நீண்ட மேசையில் துணியை இழுத்துக் கட்டி, மெல்லிய நீளக் கத்தியை ஒரு பள்ளத்துக்குள் செலுத்தி, மேசையின் ஒரு முனையிலிருந்து மறு முனைவரை நடப்பார்கள். திரும்பி வந்து அடுத்த பள்ளம். மேற்கு யார்க்ஷயரில் ஹெப்டன் பிரிட்ஜ் என்ற சிற்றூர் இந்தத் துணியில் கால்சட்டை தைத்தே ‘ட்ரவுசர் டவுன்’ என்று பெயர் வாங்கியது. ஸ்வீடன்காரர்கள் இன்றும் கார்டுராயை ‘மான்செஸ்டர்’ என்றே அழைக்கிறார்கள், ஜெர்மனியிலும் அந்தப் பெயர் உண்டு. பிரெஞ்சு அரசர் உடுத்திய துணி, அதனால்தான் ‘கார்டுராய்’ (பிரெஞ்சில் ‘அரசரின் கயிறு’) என்று பெயர் வந்தது எனப் பல இடங்களில் எழுதியிருக்கும். நம்ப வேண்டாம். பிரெஞ்சுக்காரர்கள் இதற்குச் சொல்லும் பெயரே வேறு.

நெய்யும் முறையைத் தெரிந்துகொண்டால் மூன்று விஷயங்கள் தாமாகவே விளங்கும். வரிகள் எப்போதும் கரைக்கு இணையாக, பாவு வாக்கில் ஓடும். மேலே நிற்கும் நூல்முனைகள் அடித்துணியில் சொருகி நிற்பவை மட்டுமே என்பதால், வெட்டிய ஓரத்தில் உதிரும். பிரஷ் போட்ட திசைக்கு அவை லேசாகச் சாய்ந்திருக்கும். அந்தச் சாய்வைத்தான் கீழே ‘வாக்கு’ என்று குறிப்பிடுகிறோம்.

வரி எண்ணுவது

கார்டுராயை ஒரு இன்ச் அகலத்தில் எத்தனை வரி இருக்கிறது என்ற கணக்கில் விற்கிறார்கள். அந்த வரிக்கு ஆங்கிலத்தில் வேல் என்று பெயர். ஆன்லைனில் 8 வேல், 14 வேல், 21 வேல் என்று போட்டிருந்தால் பொருள் இதுதான். எண் ஏற ஏற வரி மெலியும். 4 வரித் துணியில் ஒரு வரி 6 மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் கூடுதல். 21 வரியில் 1.2 மில்லிமீட்டர்தான். ‘பெரிய நம்பர் கொடுங்கள்’ என்று கேட்டுத் தடித்த துணியை எதிர்பார்த்து ஏமாறுவது வழக்கம்.

கடையில் எண் தெரியாவிட்டால் நீங்களே எண்ணலாம். ஸ்கேலை வரிகளுக்குக் குறுக்கே வையுங்கள். ஒரு இன்ச்சுக்குள் எண்ணினால் ஓரத்தில் அரை வரி குழப்பும். 2 இன்ச் எண்ணிப் பாதியாக்குங்கள். மெல்லிய வரியானால் குண்டூசி முனையால் ஒவ்வொரு பள்ளமாகத் தாண்டி எண்ணுவது சுலபம்.

எந்த உடைக்கு எந்த எண் என்பதில் கறாரான சட்டம் கிடையாது. ஆனால் ஒரு நியாயம் இருக்கிறது: வரி அகலமாக ஆக, உடையில் தையல் குறைய வேண்டும். அகல வரித் துணி தடித்தது, மடங்காது, சுருக்கம் பிடிக்காது. அதில் பிரின்சஸ் கட், பிரில், நெருக்கமான டார்ட் என்று போனால் வரிகள் அங்கங்கே வெட்டுப்பட்டுக் கண்ணை உறுத்தும்.

18 முதல் 21 வரி வரை, அதற்கு மேலும், மெல்லிய வகை. தடித்த பாப்ளின்போல விழும். சட்டை, குர்த்தி, குழந்தைகள் ஃப்ராக், லேசான சுருக்கம் வைத்த பாவாடை எல்லாம் வரும். சென்னை, மதுரை வெயிலில் கார்டுராய் போட ஆசை இருந்தால் இதற்குக் கீழே இறங்காதீர்கள். அதுவும் மார்கழி, தை மாதங்களுக்குத்தான்.

14 முதல் 16 வரி வரை நடுத்தரம். ஏ-லைன் ஸ்கர்ட், பினஃபோர், குழந்தைகள் பேண்ட், சட்டைக்கு மேல் போடும் தளர்வான ஜாக்கெட் எல்லாவற்றுக்கும் ஏற்றது. முதல் கார்டுராய் தையலுக்கு எங்கள் சிபாரிசு இதுவே: 14 அல்லது 16 வரி, நூறு சதவீதம் காட்டன், நீட்சி இல்லாதது. நிறம் நடுத்தரமாக இருக்கட்டும், கடுகு, பாசிப்பச்சை, காப்பிப்பொடி நிறம்போல. கறுப்பில் ஒவ்வொரு பஞ்சும் தெரியும், இஸ்திரிப் பளபளப்பும் தெரியும், பழகியபின் எடுங்கள்.

11 வரிதான் பெரும்பாலோர் மனதில் இருக்கும் கார்டுராய், ஆண்கள் பேண்டுக்குக் காலம்காலமாக எடுப்பது. ஊட்டி, கொடைக்கானல் குளிருக்கும் பெங்களூரு டிசம்பருக்கும் சரியான கனம். 8 வரி தளர்வான பேண்ட், ஜாக்கெட், தோள்பைக்கு. 6, 4 வரி சோபா உறை, குஷன், நேர்வெட்டுக் கோட்டு, அவ்வளவே. 4 வரியில் ஸ்கர்ட் தைத்தால் இடுப்பில் சணல் சாக்கைச் சுற்றியதுபோல நிற்கும்.

இவை தவிர, அகல வரியும் மெல்லிய வரியும் மாறி மாறி வரும் துணி உண்டு. பார்க்க அழகு, ஆனால் தையலில் வரி பொருத்துவது இரட்டை வேலை. மேல்நூலை அறுக்காமலே விட்ட கார்டுராயும் வரும். அதற்குச் சாய்வு கிடையாது, தலைகீழாக வெட்டினாலும் நிறம் மாறாது. தடவிப் பார்த்தால் வெல்வெட்போல இல்லாமல் மொழுமொழுவென்று இருக்கும்.

கடையில் செய்ய வேண்டிய சோதனைகள்

முதலில் துணியைத் திருப்பி முதுகைப் பாருங்கள். ஜீன்ஸ் துணிபோலச் சாய்ந்த கோடுகள் தெரிந்தால் ட்வில் முதுகு. கட்டம் கட்டமாக ஒன்றுவிட்டு ஒன்று தெரிந்தால் சாதா முதுகு. ட்வில்லில் நூல்களை நெருக்கி அடிக்க முடியும் என்பதால் மேல்நூல் கெட்டியாகப் பிடிபட்டிருக்கும். பேண்ட், சிறுவர் உடை, சோபா உறைக்கு ட்வில் முதுகுதான். 21 வரிச் சட்டைக்குச் சாதா முதுகு போதும்.

அடுத்து, வெட்டிய ஓரத்திலிருந்து 1 இன்ச் உள்ளே தள்ளி, மேல்பக்கத்தை விரல் நகத்தால் குறுக்கே நான்கைந்து முறை சுரண்டுங்கள். ஓரிரு இழை வருவது இயல்பு. பொடிப்பொடியாக உதிர்ந்து பள்ளம் அகலமானால் அந்தத் துணி முழங்காலிலும் உட்காரும் இடத்திலும் சீக்கிரம் மொட்டையாகிவிடும். பிறகு துணியைக் குறுக்கே மடித்து, மடிப்பு விளிம்பைப் பாருங்கள். வரிகள் நெருக்கமாக நின்று அடித்துணியை மறைத்தால் நல்லது. மடித்த இடத்தில் பல்லை இளித்தால் நூல் கஞ்சத்தனமாகப் போட்டிருக்கிறார்கள். வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்தாலும் இது தெரியும். பள்ளங்கள் வழியே சல்லடைபோல ஒளி வந்தால் வேண்டாம்.

ஈரக் கைக்குட்டையின் வெள்ளைப் பகுதியால் நல்ல பக்கத்தைத் தேயுங்கள். கரும்பச்சை, மெரூன், நேவி புளூ ஆகியவற்றில் கொஞ்சம் ஒட்டத்தான் செய்யும். கைக்குட்டை நிறமே மாறினால், வெள்ளைச் சட்டையோடு போடும் உடைக்கு அதை எடுக்க வேண்டாம்.

நீட்சிக்கு, வரிகளுக்குக் குறுக்கே 10 சென்டிமீட்டரைப் பிடித்து ஸ்கேல் ஓரமாக இழுங்கள். 11 சென்டிமீட்டரைத் தாண்டித் தாராளமாகப் போய்த் திரும்பினால் எலாஸ்டேன் கலந்திருக்கிறது. ஒட்டிய பேண்டுக்கு அது வசதி. ஆனால் தைக்கும்போது அலை பாயும். முதல் முயற்சிக்கு வேண்டாம்.

காட்டன் என்று சொல்லி பாலியெஸ்டர் கலவை கொடுப்பதும் உண்டு. கேட்டு ஓரத்தில் ஒரு இழை வாங்கி வந்து, வீட்டில் இடுக்கியால் பிடித்துத் தண்ணீர்த் தொட்டிமேல் கொளுத்துங்கள். காட்டன் காகிதம் எரியும் வாசனையோடு எரிந்து மெத்தென்ற சாம்பலாகும். பாலியெஸ்டர் உருகி, ஆறியதும் கறுத்த கெட்டி மணியாகும். கலவையில் இரண்டும் தெரியும். பாலியெஸ்டர் கூடக்கூட இஸ்திரியில் பளபளப்பு விழும் ஆபத்தும் கூடும்.

எவ்வளவு வாங்குவது

‘சாதாரணத் துணியைவிடக் கால் பங்கு கூட வாங்கு’ என்பார்கள். உடைக்கு உடை அது மாறும், ஒரு கணக்குப் போட்டே பார்க்கலாம்.

இடுப்பு 28, சீட் 36, நீளம் 24 இன்ச். இரண்டே துண்டில் ஏ-லைன் ஸ்கர்ட். டார்ட்டும் தையலுக்கு விடும் துணியும் சேர்த்து ஒவ்வொரு துண்டும் மேலே சுமார் 17 இன்ச், கீழே 24 இன்ச் அகலம். கீழ் மடிப்புடன் உயரம் 27 இன்ச்.

44 பன்னாவில் (44 இன்ச் அகலத்தில்) சாதாரண காட்டன் என்றால், ஒரு துண்டை நேராகவும் மற்றதைத் தலைகீழாகவும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிடலாம். அகன்ற அடியும் குறுகிய இடுப்பும் ஒன்றுக்கொன்று ஈடுகட்டிக்கொள்ளும். 27 இன்ச் நீளத்தில் இரண்டும் முடிந்துவிடும், இடுப்புப் பட்டிக்குச் சேர்த்து 80 சென்டிமீட்டர் போதும். கார்டுராயில் இரண்டு துண்டும் ஒரே பக்கம் பார்க்க வேண்டும். அடி அகலம் 24 கூட்டல் 24, மொத்தம் 48, பன்னாவோ 44. எனவே ஒன்றன்கீழ் ஒன்றாகத்தான் வைக்க முடியும். 54 இன்ச், அதாவது 1.37 மீட்டர். சுருக்கத்துக்கு 5 சதவீதம் சேர்த்து 1.5 மீட்டர் வாங்க வேண்டும். ஏறக்குறைய இரட்டிப்பு. பக்கத்தில் மிஞ்சும் 20 இன்ச் பட்டையில் இடுப்புப் பட்டியும் இரண்டு பாக்கெட்டும் வந்துவிடும்.

அதே ஸ்கர்ட்டுக்கு 58 பன்னா கிடைத்தால் 48 இன்ச்சும் குறுக்கே அடங்கும். 1 மீட்டர் போதும். மீட்டர் விலை கொஞ்சம் கூடுதலாக இருந்தாலும் அகலப் பன்னா எடுப்பது லாபம். கடைக்குப் போகும்முன் உங்கள் பேப்பர் கட்டிங்கைத் தரையில் எல்லாம் ஒரே பக்கம் பார்க்கப் பரப்பி, 44க்கும் 58க்கும் தனித்தனியாக அளந்துகொண்டு போங்கள்.

வேண்டியதை ஒரே தடவையில், ஒரே தானில் வாங்கிவிடுங்கள். அடுத்த வாரம் அரை மீட்டர் கூடுதலாக வாங்கி ஒட்டினால் சாயம் ஒத்துப்போகாது. உள்வேலைக்கு அதே நிறத்தில் அரை மீட்டர் காட்டன் பாப்ளினும் எடுங்கள்.

வெட்டுவதற்கு முன் துவைப்பு

காட்டன் கார்டுராய் முதல் துவைப்பில் நீளவாக்கில் 3 முதல் 5 சதவீதம் வரை சுருங்கும். 24 இன்ச் ஸ்கர்ட்டில் 5 சதவீதம் என்றால் 1.2 இன்ச். உங்கள் துணியின் கணக்கை அறிய, துவைக்கும்முன் முதுகில், வரியோடு 50 சென்டிமீட்டர் அளந்து இரு முனையிலும் கலர் நூலால் ஒரு முடிச்சுப் போடுங்கள். துவைத்து உலர்ந்தபின் 48.5 இருந்தால் 3 சதவீதம் சுருங்கியிருக்கிறது.

வெட்டிய இரு முனைகளையும் நூல் பிரியாதபடி ஓவர்லாக் அல்லது பிக்கோ அடித்த பிறகே தண்ணீரில் போடுங்கள். இல்லாவிட்டால் உதிரும் பஞ்சு வாஷிங் மெஷின் வடிகட்டியை அடைத்துவிடும். நல்ல பக்கம் உள்ளே இருக்கும்படி மடித்து, தனியாக, பின்னாளில் உடையை எப்படித் துவைப்பீர்களோ அப்படியே துவையுங்கள். தடித்த வகைக்கு இரண்டு முறை. முறுக்கிப் பிழியக் கூடாது. முறுக்கிய சுருக்கம் வரிகளில் குறுக்கே பதிந்தால் போக்குவது கடினம். கொடிக்கயிற்றில் நேரடியாகப் போட்டாலும் கயிற்றின் தடம் விழும். கயிற்றின்மேல் ஒரு தடித்த துண்டைப் போட்டு அதன்மேல் காயவிடுங்கள். கொஞ்சம் ஈரம் இருக்கும்போதே எடுத்து உதறி, உள்ளங்கையால் வாக்கோடு நீவிவிட்டால் வரிகள் எழுந்து நிற்கும்.

வாக்கு பார்ப்பதும் வெட்டுவதும்

பூனையின் முதுகை வால் பக்கமாக நீவினால் வழுவழுப்பு, தலை பக்கமாக நீவினால் சொரசொரப்பு. கார்டுராயும் அப்படியே. வரிகளின் நீளத்தில் உள்ளங்கையை ஓட்டுங்கள். வழுவழுவென்று போகும் திசைதான் வாக்கு. 21 வரியில் கைக்கு வித்தியாசம் பிடிபடாமல் போகலாம். அப்போது துணியை ஜன்னல் பக்கம் கொண்டுபோய், இரு முனைகளையும் பக்கத்தில் பக்கத்தில் எதிரெதிராகத் தொங்கவிட்டுப் பாருங்கள். ஒன்று அடர்ந்தும் மற்றது வெளிறியும் தெரியும். வாக்கு மேல்நோக்கி இருப்பது அடர்ந்து தெரியும், ஏனென்றால் கண் நூல்முனைகளுக்கு உள்ளே பார்க்கிறது. கீழ்நோக்கினால் நூலின் பக்கவாட்டில் ஒளி பட்டு வெளிறும்.

எந்தப் பக்கம் வைப்பது? ஸ்கர்ட், ஜாக்கெட், சட்டைக்கு வாக்கு மேல்நோக்கி இருந்தால் நிறம் ஆழமாக இருக்கும். தினமும் தேயும் குழந்தைகள் பேண்டுக்கும் சோபா உறைக்கும் கீழ்நோக்கி வையுங்கள். உட்கார்ந்து எழும்போது நூல் எதிர்ப்படாது, தூசியும் தட்டினால் போய்விடும். எதை எடுத்தாலும் ஒரே உடையில் மாற்றாதீர்கள்.

முதுகைப் பார்த்தால் வாக்கு தெரியாது. ஆகவே முடிவு செய்த உடனே, வெட்டுவதற்கு முன், முதுகில் அரை அடிக்கு ஒரு அம்புக்குறி சாக்பீஸால் போட்டுக்கொண்டே போங்கள். வெட்டிய ஒவ்வொரு துண்டிலும், பாக்கெட் துண்டில்கூட, ஒரு அம்பாவது இருக்க வேண்டும். ஐந்து நிமிட வேலை. முதல் பத்தியில் சொன்ன விபத்து இதில் நின்றுபோகும்.

துணியை நல்ல பக்கம் உள்ளே வைத்து இரட்டையாக மடித்து வெட்டுவது நம் பழக்கம். கார்டுராயில் அது ஆகாது. இரண்டு மேல்பக்கமும் ஒன்றையொன்று பிடித்துத் தள்ளும், கீழ்த் துண்டு கோணலாகும். ஒற்றையாக, முதுகு மேலே தெரிய விரித்து வெட்டுங்கள். ஜோடித் துண்டுகளுக்குப் பேப்பரைப் புரட்டிப்போட மறக்காதீர்கள்.

நேர்நூல் பிடிக்க டேப் தேவையில்லை, வரியே நேர்நூல். ஒரு பள்ளத்தில் குண்டூசி முனையை வைத்து மேலிருந்து கீழ்வரை இழுத்தால் முதுகில் லேசான தடம் தெரியும். ஸ்கர்ட்டின் நடுக்கோடு ஒரு பள்ளத்தில் விழட்டும். அப்போதுதான் இடமும் வலமும் சமமாக எண்ணி வரிகள் வரும். ஏ-லைனில் பக்கத் தையலில் வரிகள் அம்புநுனிபோலச் சந்திக்கும். முன் துண்டுக்கும் பின் துண்டுக்கும் பக்கச் சாய்வு ஒன்றாக இருந்தால் மட்டுமே அவை சரியாக ஒட்டும். பேப்பரிலேயே இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்துச் சரிபாருங்கள்.

மேல்பாக்கெட்டில் வரி பொருத்தும் தலைவலி வேண்டாமென்றால், பாக்கெட்டை வரி குறுக்கே ஓடும்படி வெட்டுங்கள், வேண்டுமென்றே செய்ததாகத் தெரியும். மூலைவாக்கில், அதாவது க்ராஸாக வெட்டுவதும் அழகுதான். ஆனால் இழுபடும், உள்ளே பாப்ளின் வைத்துத் தைக்க வேண்டும்.

தைக்கும்போது துணி ஏன் நகர்கிறது

பள்ளிக்கூடப் பிள்ளைகள் சுணை உள்ள புல்கதிரைச் சட்டைக் கைக்குள் விட்டு விளையாடுவார்கள். கை ஆட ஆட அது ஒரே பக்கமாகத் தானே ஏறும், திரும்பி வராது. கார்டுராயின் இரு நல்ல பக்கங்களையும் சேர்த்து மெஷினில் விடும்போது நடப்பதும் அதுவே. கீழ்த் துணியை மெஷினின் பல் இழுக்கிறது, மேல் துணியை ஃபுட் அழுத்துகிறது. ஒவ்வொரு தையலிலும் நூல்முனைகள் ஒரு இம்மி நழுவி, திரும்ப முடியாமல் நின்றுவிடுகின்றன. தையல் முடியும் இடத்தில் மேல் துண்டு கால் இன்ச், அரை இன்ச் நீண்டு நிற்கும். நீண்டதை வெட்டிச் சமன் செய்தால் ஸ்கர்ட் முறுக்கிக்கொள்ளும்.

இதற்கு வழி நான்கு, நான்கையும் சேர்த்தே செய்ய வேண்டும். ஒன்று, ஃபுட் அழுத்தத்தைக் குறையுங்கள். கறுப்புத் தையல் மெஷினில், ஃபுட் கம்பிக்கு நேர் மேலே, இடது தலையில் ஒரு திருகு இருக்கும். இரண்டு சுற்றுத் தளர்த்துங்கள். இரண்டு, தையல் கோட்டுக்கு வெளியே, தையலுக்கு விட்ட துணிக்குள், கையால் கச்சாத் தையல் போடுங்கள், அரை இன்ச்சுக்கு ஒன்று. குண்டூசியானாலும் அந்த ஓரத்துக்குள்ளேயே குத்துங்கள். நடுவில் குத்தினால் தடம் நிற்கும். மூன்று, வாக்கோடு தையுங்கள். வாக்கு மேல்நோக்கிய ஸ்கர்ட்டில் கீழ் ஓரத்தில் தொடங்கி இடுப்பில் முடியுங்கள். நான்கு, ஒவ்வொரு அடிக்கும் ஊசியைத் துணிக்குள் இறக்கி நிறுத்தி, ஃபுட்டைத் தூக்கி, துணி தளர்ந்ததும் மீண்டும் இறக்கித் தொடருங்கள். மேல் துணியையும் சேர்த்து இழுக்கும் வாக்கிங் ஃபுட் இருந்தால் பாதித் தொல்லை போய்விடும்.

உடையில் கை வைக்கும்முன், 12 இன்ச் நீளம் 2 இன்ச் அகலத்தில் இரண்டு பட்டைகளை வெட்டித் தைத்துப் பாருங்கள். கடைசியில் வித்தியாசம் 3 மில்லிமீட்டருக்குள் வரும்வரை திருகைத் தளர்த்திக்கொண்டே போகலாம்.

21 வரிக்கு 12 நம்பர் ஊசி, தையல் நீளம் 2.5 மில்லிமீட்டர். 14, 11 வரிக்கு 14 நம்பர் ஊசி, 3 மில்லிமீட்டர். 8 வரியும் அதற்குக் கீழும் 16 நம்பர் ஜீன்ஸ் ஊசி, 3.5 மில்லிமீட்டர். நீட்சித் துணிக்கு ஸ்ட்ரெச் ஊசி. நூல் நல்ல பாலியெஸ்டர் நூலாக இருக்கட்டும். பொடித் தையல் போட்டால் நூல்முனைகளுக்குள் புதைந்துவிடும், பிரிக்க வேண்டி வந்தால் துணியையும் சேர்த்துப் பிய்க்க நேரும். மேல்தையல் வரியோடு ஓடுமானால் பள்ளத்தில் விழும்படி ஓட்டுங்கள். வரியின் முதுகில் ஏறி இறங்கினால் வெகு தூரத்திலிருந்தே கோணல் தெரியும்.

தடிமனைக் குறைப்பது

இடுப்புப் பட்டியின் வெளிப்பக்கம் மட்டும் கார்டுராய், உள்பக்கம் பாப்ளின். காலர், கஃப், பாக்கெட் மூடி எதற்கும் இதே முறை. விறைப்புக்காகச் சூட்டில் ஒட்டும் ஃப்யூசிங் கேன்வாஸையும் பாப்ளினிலேயே ஒட்டுங்கள். கார்டுராயில் ஒட்டினால் சூட்டிலும் அழுத்தத்திலும் வரிகள் அமுங்கிச் செத்துவிடும். கார்டுராயிலேயே கேன்வாஸ் வைத்துத்தான் ஆக வேண்டுமென்றால் ஒட்டாத வகையை எடுத்து ஓரத்தில் தைத்துப் பிடியுங்கள்.

தையல் ஓரங்களை எல்லாம் ஓவர்லாக் அல்லது பிக்கோ செய்யுங்கள். இரண்டையும் சேர்த்து அடிக்காமல், பிரித்துத் தனித்தனியாக. பல மடிப்பு சேரும் இடுப்பு முனையில், ஒரு ஓரத்தைக் கால் இன்ச்சுக்கும் மற்றதை அரைக்கால் இன்ச்சுக்கும் படிபோல வெட்டிவிட்டால் மேடு தெரியாது. கீழ் மடிப்பை இருமுறை மடிக்கக் கூடாது. வெட்டிய ஓரத்துக்குப் பாப்ளின் க்ராஸ் பட்டி வைத்து, ஒரே மடிப்பாக 1.5 இன்ச் மடித்து, கையால் ஹெம்மிங் செய்யுங்கள்.

காஜாவுக்கு (பட்டன் துளைக்கு) முன் அந்த இடத்தின்மேல் மெல்லிய டிஷ்யூ காகிதம் ஒன்றை வைத்துத் தையுங்கள். முடிந்ததும் கிழித்துவிடலாம். நூல்முனைகள் தையலுக்கு மேலே முளைக்காமல் இருக்கும். மறைஜிப் 14 வரிவரை தாங்கும். அதற்கும் தடித்த துணியில் பல்லில் நூல் சிக்கும், சாதா ஜிப்பே போடுங்கள்.

இஸ்திரி

நல்ல பக்கத்தில் இஸ்திரிப் பெட்டி படவே கூடாது. ஒரு அடிக்கு ஒரு அடி கார்டுராய் துண்டை மேசையில் வரி மேலே பார்க்க விரித்து, அதன்மேல் உடையை நல்ல பக்கம் கீழே இருக்க வையுங்கள். இரு பக்க வரிகளும் ஒன்றுக்குள் ஒன்று உட்கார்ந்துகொள்ளும், அமுங்காது. துண்டு மிஞ்சாவிட்டால் டர்க்கி டவலை இரண்டாக மடித்துக்கொள்ளலாம். முதுகில் ஈரத்துணி போட்டு, பெட்டியைத் தேய்க்காமல் வைத்து எடுங்கள். தையலை விரிக்கும்போது பெட்டியின் மூக்கு மட்டும் தையல் கோட்டில் படட்டும். முழுப் பெட்டியையும் வைத்தால் உள் ஓரங்களின் தடம் வெளியே இரட்டைக் கோடாகத் தெரியும்.

தவறிப்போய்ப் பளபளப்பு விழுந்துவிட்டால், இட்லிப் பானையைத் தட்டு இல்லாமல் கொதிக்கவிட்டு, அந்த இடத்தின் முதுகு ஆவியில் படும்படி ஒரு சாண் உயரத்தில் அரை நிமிடம் பிடியுங்கள். ஈரம் இருக்கும்போதே மெல்லிய துணி பிரஷ்ஷால் வாக்குக்கு எதிராக ஒருமுறை, வாக்கோடு ஒருமுறை நீவுங்கள். காட்டனில் பெரும்பாலும் எழுந்துவிடும். பாலியெஸ்டரில் நூல் உருகி ஒட்டியிருந்தால் எழாது.

ஒவ்வொரு உடை முடிந்ததும் ஊசித் தட்டைக் கழற்றிப் பாபின் அறையையும் பற்களின் இடுக்கையும் பிரஷ்ஷால் துடையுங்கள். கார்டுராய் உதிர்க்கும் பஞ்சு மெஷின் எண்ணெயில் ஊறிச் சாந்துபோலக் கெட்டியாகும். அடுத்து மெல்லிய துணி தைக்கும்போது தையல் விட்டுப்போவதும் நூல் சிக்குவதும் அதனால்தான். ஊதித் தள்ளாதீர்கள், பஞ்சு இன்னும் உள்ளே போய் உட்காரும். துடைத்து முடித்து ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, பழைய துணியில் இரண்டு வரித் தையல் ஓட்டி, எண்ணெய்க் கறை வரவில்லை என்று பார்த்த பிறகு அடுத்த வேலையை எடுங்கள்.